இடது கை எதைப் பிடித்திருந்தது?

கதையை நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச வேண்டாம். கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், வாயை அதற்காகச் சேமித்து வையுங்கள். கண்ணை மட்டும் இப்போதே நன்றாகத் திறந்துகொண்டால் நல்லது.

நெல்லைப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். அங்கே பூங்கா அமைக்கக் குழி தோண்டியபோது ஆள் உயரத்தில் ஒரு பெண் சிலை கிடைத்தது. எந்தக் காலத்துச் சிலையோ, தலையைக் காணோம், கைகள் இரண்டும் இல்லை. மிச்சம் இருந்ததே பார்த்தவர்களை நகரவிடவில்லை. இரண்டு பாதங்களும் தரையில் அழுந்த ஊன்றியிருந்தன. இடது இடுப்பு நன்றாக வெளியே தள்ளியிருக்க, மேலுடம்பு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடுப்புப் பட்டை இடப்பக்கத்தில் மட்டும் அழுந்திக் கீழே இறங்கியிருந்தது. அதற்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ உடைந்த தடம். கழுத்துச் சரமும் நேராகத் தொங்காமல் இடப்பக்கமாக இழுபட்டிருந்தது.

சிலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. பூங்காக் குழுத் தலைவர் அருணகிரி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பழையதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டாம், இந்தக் காலத்துச் சிற்பி இந்தக் காலத்துக்கு ஒரு சிலை செய்யட்டும். ஆனால் அந்தப் பெண் இடது கையில் எதைப் பிடித்திருந்தாள் என்பது அதில் தெரிய வேண்டும். அதைச் சரியாகக் கண்டுபிடித்தவரின் சிலை பூங்காவில் நிற்கும். பீடம் அரையடிக்கு மேல் கூடாது, ஜனங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று பேர் முன்வந்தார்கள்.

நாகலிங்க ஸ்தபதி கோயில் வேலையிலேயே தலை நரைத்தவர். பழைய சிலையைச் சுற்றி வந்து நூல் பிடித்து அளந்தார். "உடம்பு அளவெல்லாம் சுத்தமா இருக்கு. சரத்தைத்தான் கோணலா விட்டுட்டான், கை தவறியிருக்கும்" என்றார். அவர் செய்த சிலையில் சரம் தூக்குநூல் விட்டதுபோல நேராகத் தொங்கியது. இடது கையில் ஒரு தாமரை, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய இதழ்களோடு. கும்பிடத் தோன்றும் வேலை அது.

மரியசூசை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கெல்லாம் போய்வந்தவர். அவர் கண்ணுக்குச் சரம் கோணலாகத் தெரியவில்லை, ஆட்டத்தின் வேகத்தில் வீசியதாகத் தெரிந்தது. மூக்கு முழி எதுவும் செதுக்காமல் நாலைந்து வளைவுகளிலேயே ஒரு நாட்டியக்காரியைக் கொண்டுவந்துவிட்டார். இடது கையில் முத்திரை, ஒரு கால் தரையை விட்டு எழும்பியிருந்தது.

மூன்றாமவள் செண்பகவல்லி, கல் சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடிக்காரி. பத்து மாதக் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு இரண்டு வருடமாக உளியைத் தொடாமல் இருந்தவள். கணவன்தான் கட்டாயப்படுத்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனான். சிலைக்கு முன்னால் நின்றதும் அவள் கை தன் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று. அந்தச் சங்கிலியின் கொக்கி எப்போதோ வளைந்துபோனது. நகை வேலை செய்பவர் அடுத்த தெருவிலேயே இருந்தும் அதைச் சரிசெய்ய அவள் இதுவரை விட்டதில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, "நான் செய்யுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

செய்யும்போது, சிலையின் இடது இடுப்பின் மேல் ஒரு முண்டுக் கல்லைக் கழிக்காமல் நாற்பது நாள் விட்டுவைத்திருந்தாள். கணவன் ஏன் என்று கேட்கவில்லை. கல்லில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும். நாற்பத்தோராம் நாள் அவளே அதைக் கழித்து எடுத்து, அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். அன்று அவள் அழுதாள், நன்றாகவே அழுதாள். அதை நான் மறைப்பானேன்?

மூன்று சிலைகளும் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. அருணகிரி தாமரையைப் பார்த்துத் தலையசைத்தார், நாட்டியக்காரியைப் பார்த்துப் புன்னகைத்தார். மூன்றாவதன் முன்னால் மட்டும் புருவத்தைச் சுருக்கினார். அது பாதங்களை ஊன்றி, இடுப்பைத் தள்ளி, இடது கையை அணைப்பதுபோல வளைத்து, குனிந்த பார்வையோடு நின்றது.

"என்னத்தம்மா புடிச்சிருக்கு இது?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப வேலை இன்னும் முடியலையா?"

"முடிஞ்சிட்டு சார். அந்த எடம் இருக்குல்லா."

"சரத்தை இவளும் கோணலாத்தான் விட்டிருக்கா" என்று ஸ்தபதி வருத்தப்பட்டார், கெட்ட எண்ணம் இல்லாமல்தான். பட்டியலில் செண்பகவல்லியின் பெயரை அடிப்பதற்காக அருணகிரி பேனா மூடியைத் திறந்தார்.

இப்போது நீங்கள் வாயைத் திறக்கலாம். தாமரை, முத்திரை, வெறுங்கை. அந்தப் பழைய பெண் பிடித்திருந்ததைக் கண்டுபிடித்தவர் மூவரில் யார்?

விடை: சரம் வீசும் வேகத்தில் ஆடுகிறவளுக்கு இரண்டு பாதமும் அப்படித் தரையில் அழுந்தியிருக்காது. தாமரையைப் பிடிக்க இடுப்பைத் தள்ள வேண்டியதில்லை, தாமரை யார் கழுத்துச் சரத்தையும் பிடித்து இழுக்கவும் இழுக்காது. இடுப்பில் ஏறி உட்கார்ந்து பட்டையைக் கீழே இறக்குவதும், சங்கிலியை இழுத்துக் கொக்கியை வளைப்பதும் யார் வேலை என்று பிள்ளை தூக்கியவர்களுக்குத் தெரியும். கண்டுபிடித்தவள் செண்பகவல்லிதான். பிள்ளையை ஏன் செதுக்கவில்லை என்பதற்கு அவள் விளக்கம் சொல்லவில்லை. அருணகிரி பேனாவைத் திறந்த அந்த நேரத்தில், பூங்காவுக்கு வந்த ஒருத்திக்குச் செருப்பு வார் கழன்றுவிட்டது. மாட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தவள், தன் இடுப்பிலிருந்த மகளைச் சிலையின் இடுப்பில் உட்கார வைத்தாள். "அக்கா, விழுந்துராம ஒரு நிமிசம் பாத்துக்கிடுங்க" என்று பக்கத்தில் நின்ற செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டுக் குனிந்தாள். கல் கைக்குள் பிள்ளை அளவெடுத்ததுபோல அமர்ந்துகொண்டு கல் சரத்தைப் பிடித்து இழுத்தது. அருணகிரி பேனாவை மூடினார். வாரை மாட்டிவிட்டுத் தாய் கூப்பிட்டும் பிள்ளை வர மறுத்தது. கடைசியில் செண்பகவல்லிதான் அதைத் தூக்கி இறக்கினாள். இறங்கும்போது அது அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டது.