செய்திக்குள் பல்லி விழுந்தது

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு இருந்தது. தொலைக்காட்சிச் செய்திக்குச் சொந்தப் பேச்சு கிடையாது. எழுதிக் கொடுத்த தாளை அப்படியே வாசித்துவிட்டு, வணக்கம் சொல்லி எழுந்து போக வேண்டியதுதான். நடுவில் இருமினால்கூட விளக்கம் எழுதித் தர வேண்டும்.

மாலந்தூர் நிலையத்தில் மதியச் செய்தி வாசித்தவள் சௌதாமினி. அவள் நாற்காலிக்குப் பின்சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது. விரிசல் விஷயத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. எந்தச் சுவர் நிற்கும், எது சாயும் என்று ஒட்டிப் பார்த்தே சொல்லிவிடும்.

ஐப்பசியில் எட்டு நாள் விடாத மழை. ஒன்பதாம் நாள் காலை, ஏரிக்கரையில் வசித்த அதன் அக்கா நனைந்துபோய் ஓடிவந்தது. "நேத்து என் வால்கூட நுழையாத விரிசல்டா. இன்னிக்குக் குடும்பத்தோட உள்ள படுத்து உருளலாம்!"

பல்லி உடனே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சௌதாமினியின் மேசையில் இறங்கியது. "அக்கா, கரை இன்னிக்குத் தாங்காது. கீழத்தெருவுல அறுபது வீடு இருக்கு. சொல்லிடுங்க."

"கரை பலமா இருக்குன்னுதானே தாள்ல போட்டிருக்கு? நீ சொல்றது செய்தி இல்லப்பா, உன் அபிப்பிராயம்."

"அதை எழுதினவர் கரைக்குப் போனாரா?"

சௌதாமினி தாளை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தாள். நிலைய அதிகாரி குணாளன் கதவருகே நின்று விரலை ஆட்டினார். "ஏம்மா, ஒரு வார்த்தை கூடினாலும் நாளைலேருந்து நீ வீட்ல உக்காந்துதான் செய்தி பார்க்கணும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. "ஏரிக்கரை பலமாக உள்ளதாக அதிகாரிகள் தெரிவித்தனர்" என்று வாசித்தாள். அடுத்த வரி மாட்டுச் சந்தை. பல்லிக்குப் பொறுக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் பொத்தென்று தாளின்மேல் விழுந்தது.

சௌதாமினி தாளை ஓரமாக நகர்த்தினாள்.

"எனக்கென்னவோ இந்தக் கரை நிக்கும்னு தோணல. இது தாள்ல இல்ல. கரையை நேர்ல பார்த்த இந்தப் பல்லி சொல்லுது, நான் நம்பறேன். கீழத்தெரு ஜனங்க இப்பவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க!"

தெரு மொத்தமும் எழுந்தது. நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டார்கள், ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நாலு மணிக்குக் கரை உடைந்து அறுபது வீட்டுக்குள்ளும் தண்ணீர் பாய்ந்தது. அங்கே ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா! பறை முழங்க, மாலை மேல் மாலையாக, சௌதாமினியை ஊரே ஊர்வலமாக அழைத்துவந்தது. அவள் தோளில் பல்லி ராஜாவாட்டம் உட்கார்ந்திருந்தது. 'எல்லாம் என் யோசனைதான்' என்று சொல்லிக்கொண்டு குணாளனே முன்னால் நடந்தார். எனக்கு அந்த ஊர்வலத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு விம்முகிறது.

மற்ற நிலையத்தார் மாலையைப் பார்த்தார்களே தவிர விரிசலைப் பார்க்கவில்லை. மறுநாளே எல்லோரும் தாளைத் தள்ளிவைத்து "எனக்கென்னவோ" என்று ஆரம்பித்தார்கள். கத்தரிக்காய் விலைக்கும் எனக்கென்னவோ, அடுத்த ஊர்க் கல்யாணத்துக்கும் எனக்கென்னவோ. போதாததற்கு, ஆமாம் சொல்லச் சொல்லிப் பல்லியையும் நச்சரித்தார்கள். "நான் கண்ணால பார்த்ததுக்கு மட்டும்தான் ஆமாம் போடுவேன். அதுக்கு ரெண்டு 'ச்சு' போதும்" என்று பல்லி பேச்சையே விட்டுவிட்டது.

அன்று முதல்தான் செய்தியில் பாதி கருத்தாக வருகிறது. அன்று முதல்தான் நாம் பேசும்போது பல்லி 'ச்சு ச்சு' என்றால், "பாரு, பல்லியே சொல்லிடுச்சு!" என்று ஜெயித்த குரலில் கத்துகிறோம். தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது அது எத்தனை முறை சொல்கிறது என்று ஒருநாள் எண்ணித்தான் பாருங்களேன்.