வாத்தியார் நெற்றியில் கரிப்பொட்டு

ஜமீன் சிலம்பக் களத்துக்குத் தினமும் தண்ணீர் தெளிப்பவள் உலகம்மாள். அவள் புருஷன் அதே களத்தில்தான் வாத்தியார் நல்லபெருமாளின் கம்படி மண்டையில் விழுந்து செத்தான். "ஆடத் தெரியாத பய" என்று வாத்தியார் அதோடு முடித்துவிட்டார்.

ஒரு நாள் காலை, ஜமீன்தார் முன்னாலேயே அவள் சொன்னாள்: "எம் புருசனுக்கு நல்லா ஆடத் தெரியும் சாமி."

வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அப்படியா? கம்பு நுனியில கரியைத் தடவிக்கோ. எம் மேல ஒரு பொட்டு வச்சிட்டா உன் கால்ல விழுறேன். முடியலைன்னா ஊரை விட்டே போயிரணும்."

"சரி சாமி. நிக்கிற இடத்தை மட்டும் நான் எடுத்துக்கிடுறேன்."

"எங்க வேணா நில்லு!"

உலகம்மாள் கரி தடவிய கம்போடு கிழக்கே போய், இளவெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வாத்தியார் இதுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம் அது. இப்போது அவருக்கே கண் கூசியது. வெயிலை மறைக்கக் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அவள் பக்கவாட்டில் நுழைந்து நெற்றியில் பொட்டை வைத்துவிட்டாள்.

"எசமான், இத்தனை வருசமா இங்க ஜெயிச்சது இவரு இல்ல, வெயிலு!"

வாத்தியார் காலில் விழக் குனிந்தார். உலகம்மாள் விலகிக்கொண்டாள்.

"வேண்டாம் சாமி. உங்க பொட்டு கழுவினாப் போயிரும். நீங்க அழிச்ச என் பொட்டு திரும்பியா வரும்?"