மூன்று கொட்டை நேரம்

அந்த வியாழக்கிழமை குடிலில் இருந்தவர்கள் ஆறு பேர். குரு சுடர்க்கொடி அம்மா, வயது நாற்பத்து நான்கு. பொருள் அறையைப் பார்த்துக்கொள்ளும் சீடர் தணிகாசலம், அறுபத்தேழு. குரல் போன செங்கமலம், ஐம்பத்தெட்டு. சமையல் செய்யும் வீராயி. ஷேர் ஆட்டோ ஓட்டும் பீர்முகமது. பெரம்பலூரிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த பெருமாள்சாமி. நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது காலையிலேயே எங்கோ போய்விட்டது.

ஆறு பேருக்கும் நடுவில் இரண்டு டேப்லெட் இருந்தன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே திரை, ஒரே பேட்டரி. உள்ளே இருந்த பிராசசர்தான் வேறு.

குடில் துறையூரிலிருந்து பச்சைமலைக்கு ஏறும் வழியில் இருந்தது. அங்கே ஒரு விதி உண்டு. எதை வாங்கினாலும் போதும் என்ற அளவில் நிறுத்த வேண்டும். பொருள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தணிகாசலமே தம் கையால் அதை எழுதி வைத்திருந்தார். எடைமேடையில் முப்பத்தொரு வருடம் லாரி நிறுத்த கை அது. குடிலுக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஒரு கரண்டிகூடக் கூடுதலாக வாங்கியதில்லை. வேறு எதைப் பற்றியும் அவர் பெருமை பேசமாட்டார். அதைப் பற்றி மட்டும், கேட்டால் சொல்லுவார். கேட்காவிட்டாலும் சில சமயம் சொல்லுவார்.

டேப்லெட் செங்கமலத்துக்காக வந்தது. அவள் துறையூர் தியேட்டர் ஒன்றில் இருபத்தாறு வருடம் டிக்கெட் கொடுத்தவள். அந்தச் சின்ன ஓட்டை வழியாக அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்துப் போனவர் யாருமில்லை. குடிலுக்கு வந்த பிறகும் அந்த வாய் அடங்கவில்லை. சுடர்க்கொடி அம்மா ஞாயிறு கூட்டத்தில் பேச்சை நீட்டினால், பின் வரிசையிலிருந்து "இடைவேளை!" என்று ஒரு குரல் வரும். முதலில் சிரிப்பது அம்மாதான். பேச்சையும் அதோடு முடித்துவிடுவார்.

பதினான்கு மாதத்துக்கு முன் திருச்சியில் அவள் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சிலேட்டும் பலப்பமும்தான். இந்தத் திங்கட்கிழமை அந்தச் சிலேட்டில் ஒரே ஒரு வரி எழுதி அம்மாவிடம் காட்டினாள்.

"வெள்ளிக்கிழமை முசிறிக்கு, தங்கச்சி வீட்டோட போயிடறேன்."

ஏன் என்று எழுதவில்லை. அம்மா மறுநாளே தணிகாசலத்தைத் துறையூருக்கு அனுப்பினார்.

மொபைல் கடைக்காரர் அருமைநாதன் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். எழுத்தை அடித்தால் பேசும் ஆப்பை இரண்டிலும் ஏற்றினார். மலைப் பக்கம் சிக்னல் இல்லாததால், நெட் துணையில்லாமல் டேப்லெட்டே தனக்குள் குரலை உண்டாக்க வேண்டும் என்றார்.

தணிகாசலம் இரண்டு அட்டையையும் கண்ணாடி போட்டு வாசித்தார். "ரெண்டுலயும் எட்டு கோர்னுதானே போட்டிருக்கு? எட்டும் எட்டும் ஒண்ணுதானே தம்பி?"

"எட்டு பேர்தான் ஐயா. இதுல எட்டு பேரும் நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போடுறவங்க. அதுல ரெண்டு பேரு மூட்டை தூக்குவான்."

"விலை?"

"மூட்டை தூக்குறவனுக்கு நாலாயிரத்து எண்ணூறு அதிகம். ரெண்டையும் கொண்டுபோய்ப் பேச வச்சுப் பாருங்க. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒண்ணைத் திருப்பி அனுப்பிடுங்க."

வியாழக்கிழமை காலை செங்கமலத்தின் கையில் முதலில் கொடுத்தது விலை குறைந்ததைத்தான். அவள் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே பதிலை அடித்து முடித்துவிட்டு, கடைசிப் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பீர்முகமது டீயை உறிஞ்சியபடி சொன்னான். "நேத்து ஏத்தத்துல வண்டி பாதியில நின்னுபோச்சுக்கா. ரெண்டு பேரை இறக்கித் தள்ளச் சொன்னேன்."

அவள் பொத்தானை அமுக்கினாள். சத்தம் வரவில்லை.

"அதுல வேற, எங்கம்மாவுக்கு ராத்திரி மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன், சாயங்காலம்தான் பார்க்க விடுவாங்க" என்றான் அவன்.

அப்போதுதான் டேப்லெட் வாயைத் திறந்தது.

"தள்ளுனவனுக்குச் சம்பளம் குடுத்தியா, இல்ல அதுக்கும் டிக்கெட் கிழிச்சியா?"

யாரும் சிரிக்கவில்லை. பீர்முகமது டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கமலம் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

தணிகாசலம் கைக்கடிகாரத்தில் பார்த்திருந்தார். தாமதம் மூன்று நொடி. மற்றதையும் தாமே அடித்துப் பார்த்தார். விரலை எடுப்பதற்குள் அது பேசியது. இரண்டையும் தாளில் குறித்துக்கொண்டு அம்மாவிடம் போனார். அம்மா வாசலில் பாய் உதறிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரெண்டுக்கும் வித்தியாசம் மூணு நொடி. விலை குறைஞ்சதே போதும்னு தோணுது. நாம நாலு பேரும் ஒரு மூணு நொடி காத்திருந்தாப் போச்சு. நம்ம விதியும் நிக்கும்."

"மூணு நொடின்னா எவ்வளவு, ஐயா?"

"மூணு நொடின்னா மூணு நொடிதான் அம்மா."

அம்மா பாயைச் சுருட்டி வைத்தார். வீராயியிடம் புளியங்கொட்டைச் சட்டியைக் கேட்டு வாங்கினார்.

"எண்ணுங்க."

தணிகாசலம் சத்தமாக எண்ணினார். நல்ல கொட்டையாக இருநூறு எடுத்துச் சட்டியில் போட்டார். மிச்சத்தை வீராயி வாங்கிக்கொண்டாள்.

"பீரு ஆட்டோ கிளம்புற வரைக்கும் இது உங்க கையில இருக்கட்டும்" என்றார் அம்மா. "எதையாவது சொல்லணும்னு தோணினா, மூணு கொட்டையை ஒண்ணொண்ணா எடுங்க. எடுத்து முடிச்ச பிறகும் அந்தப் பேச்சுக்கு இடம் இருந்தாப் பேசுங்க. கொட்டையை இந்தத் தட்டுல போடுங்க. இடம் இல்லேன்னா பேசாதீங்க. கொட்டையை மடியில முடிஞ்சுக்குங்க."

"இவ்வளவுதானா அம்மா?"

"எடுக்காமப் பேசுறீங்களே."

தணிகாசலம் நாக்கைக் கடித்துக்கொண்டார். எதிரே செங்கமலம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை.

முதல் மூன்று கொட்டை பருப்பில் போயிற்று.

"ஐயா, ஆறு பேருக்கு எத்தனை ஆழாக்கு போடட்டும்?" என்று வீராயி கேட்டாள். மூன்று என்று சொல்ல வாயெடுத்தார். ஒரு கொட்டை, இரண்டு கொட்டை, மூன்றாவது கொட்டை. அதற்குள் அவள், "சரி, ஐயா எதோ யோசனையில இருக்காரு" என்று நாலு போட்டுவிட்டாள். ஒன்பது வருடத்தில் அந்தக் குடிலில் கூடுதலாக விழுந்த முதல் ஆழாக்கு அது. தணிகாசலம் மூன்று கொட்டையையும் மடியில் முடிந்தார்.

பெருமாள்சாமி தோட்டத்தைச் சுற்றி வந்தார். "வேப்பமரம் ஒரு ஐம்பது இருக்குமில்ல?"

அறுபத்து மூன்று. தணிகாசலம் நட்டவை நாற்பத்தொன்று. மூன்றாவது கொட்டை விரலில் ஏறியபோது, பெருமாள்சாமி, "ஐம்பதுதான்" என்று தமக்குத் தாமே சொல்லிவிட்டுக் கிணற்றைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

பீர்முகமது வண்டியைத் துடைத்துக்கொண்டே வம்புக்கு இழுத்தான். "ஏன் ஐயா, உங்க எடைமேடையில யானை ஏறினா எவ்வளவு காட்டும்?"

பதில் அந்த நொடியே வந்துவிட்டது. 'உன் ஆட்டோவுல ஏறி வந்தா, இறக்கிட்டுத்தான் நிறுப்பேன்.' அவர் வாழ்க்கையில் அப்படிப்பட்ட பதில் வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். ஒன்று. இரண்டு. மூன்று. பீர்முகமது வாளியோடு கிணற்றடிக்குப் போய்விட்டான். தணிகாசலம் எழுந்து பின்னாலேயே போய்ச் சொன்னார்.

"எந்த யானை ஐயா?" என்று கேட்டான் பீர்முகமது.

அதைத் தட்டில் போடுவதா மடியில் முடிவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நேர்மையாக மடியில் முடிந்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பெருமாள்சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பூர்வீகம் எது, ஐயாவுக்கு?"

தணிகாசலம் கொட்டையை எடுக்கத் தொடங்கினார்.

பெருமாள்சாமி அவர் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு குரலை ஏற்றி, ஒவ்வொரு சொல்லாக, "தாகமா? தண்ணி வேணுமா?" என்றார். வீராயியைத் திரும்பிக் கூப்பிட்டார். "அம்மா, பெரியவருக்கு மோர் வேணுமாம்!"

மோர் வந்தது. தணிகாசலத்துக்கு மோர் ஆகாது. மூன்றாவது கொட்டை கைக்குள் இருக்க, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை பந்தியில் செங்கமலம் சிலேட்டை எடுத்து 'மோர்' என்று எழுதினாள். அடுத்த எழுத்துக்குப் பலப்பம் போவதற்குள் அவர்தான், "மோர் வேணுமாம், ஊத்துங்க" என்று குரல் கொடுத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டாள். அவளுக்கு உதவி செய்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். இப்படி எத்தனை தடவை செய்தோம் என்று எண்ணிப் பார்த்தார். எதையும் எண்ணிவிடுகிற அவருக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முறத்துக்கு எதிரே உட்கார்ந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கல் பொறுக்குவதை நிறுத்திக் காத்திருந்தாள்.

"அன்னைக்கு மோருன்னு எழுதுனியே. அப்புறம் என்ன எழுத இருந்த?"

அவள் சிலேட்டை எடுத்தாள். நிதானமாக எழுதினாள். அவர் வாயைத் திறக்காமல் கடைசி எழுத்துவரை பார்த்தார்.

"மோர் புளிச்சிருக்கு, உங்க மூஞ்சி மாதிரி."

ஆறு நாள் பழசாகிப்போன வேடிக்கை. இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவர் மூன்று கொட்டையைத் தட்டில் போட்டார்.

நாலு மணிக்கு பீர்முகமது வண்டியைத் திருப்பி நிறுத்தினான். "ஐயா, கடைக்குப் போற பெட்டி எது? எங்கம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகணும், நேரமாச்சு."

சுடர்க்கொடி அம்மாவும் வாசலுக்கு வந்து நின்றார். "எதைக் கட்டலாம், ஐயா?"

தணிகாசலம் மூன்று கொட்டையை எடுத்தார். ஆனால் பேசவில்லை. மடியில் முடிந்துகொண்டு உள்ளே போனார். விலை குறைந்த டேப்லெட்டைத் துடைத்தார். சார்ஜர் வயரை வந்த மடிப்பிலேயே மடித்தார். பெட்டியில் வைத்து, நூல் கட்டி, பீர்முகமதுவின் கையில் கொடுத்தார். மற்றதைச் செங்கமலத்தின் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு பொருள் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. மறுபடியும் மூன்று கொட்டை.

"அம்மா, ஒன்பது வருஷமா இந்தப் புத்தகத்துல போதும்னுதான் எழுதியிருக்கேன். இன்னைக்கு விலை கூடினதை வாங்கியிருக்கோம். என்னன்னு எழுதறது?"

"போதும்னு எழுதுங்க" என்றார் அம்மா.

தணிகாசலம் எழுதினார். கொட்டையைத் தட்டில் போட்டார்.

பீர்முகமது ஆட்டோவைக் கிளப்பியபடி கேட்டான். "செங்கமலக்கா, நாளைக்கு முசிறி பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு வரட்டும்? மூட்டை முடிச்செல்லாம் எத்தனை இருக்கு?"

அவன் வாய் மூடுவதற்குள் டேப்லெட் பேசியது.

"எட்டு மணிக்கு வா. மூட்டை ஒண்ணுதான். இந்தத் தணிகாசலம் அண்ணனை ஏத்திட்டுப் போ."

வீராயி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பீர்முகமது ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். பெருமாள்சாமி ஒன்றும் புரியாமலே சிரித்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் ஆள் எப்படி என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. வம்பில் அடிபட்டவர் தாம்தான் என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை.

ஆட்டோ வளைவில் இறங்கி மறைந்தது.

"கெடு முடிஞ்சுது ஐயா. சட்டியில எத்தனை மீதி?" என்றார் அம்மா.

தணிகாசலத்துக்கு அது எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு அல்ல. தட்டில் ஏழு பேச்சு, இருபத்தொரு கொட்டை. மடியில் முப்பத்து நாலு பேச்சு, நூற்றிரண்டு கொட்டை. இருநூற்றில் இரண்டையும் கழித்தால் எழுபத்தேழு. சொல்ல வாயெடுத்தார். பகலெல்லாம் பழகிய கை தானாகச் சட்டிக்குள் போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று கொட்டையை எடுத்தது.

"எழுபத்து நாலு" என்றது டேப்லெட்.

செங்கமலம் முறத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. காலையிலிருந்து எதிரே உட்கார்ந்து அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தணிகாசலம் தம் கையில் இருந்த மூன்று கொட்டையைப் பார்த்தார். சட்டியைத் துண்டின் மேல் கவிழ்த்து, ஒன்று விடாமல் எண்ணினார்.

எழுபத்து நான்கு.