வால்பாறைக்கு ஒரு சிவப்புப் பேனா

“அவ உங்க முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, அம்மா” என்றான் தணிகாசலம்.

அவன் கையில் இன்னும் ஒட்டாத உறை. உள்ளே ஆசிரியை திலகவதியின் சிவப்புப் பேனாவும் ஒரு வரிக் கடிதமும். ‘இனி விடைத்தாள்களை நீ திருத்து.’

முகவரி: எஸ்தர், தேயிலைத் தொழிற்சாலை, வால்பாறை.

திலகவதி தபால் வழியே தருக்கம் கற்பித்தார். அவருடைய குரு தொடங்கி வைத்தது. வேலையை விட்டு வர முடியாதவர்கள், வீட்டை விட்டு வர விடப்படாதவர்கள், இவர்களுக்குப் பாடம் அஞ்சலட்டையில் போகும். விடை வரும். சிவப்பு மசியில் திருத்தம் திரும்பிப் போகும்.

தணிகாசலம் ஒருவன்தான் நேரில் வந்தவன். பதினோரு வருஷம் அவர் எதிரிலேயே உட்கார்ந்து படித்தவன். தபால்தலை ஒட்டுவதும் அவன்தான். பேனா தனக்குத்தான் என்று இருந்தான்.

“வர முடியாதவங்களுக்காக ஆரம்பிச்சது, சரி. வந்தவனுக்கு என்ன?”

“தினமும் சோறு போடறேனே.”

அவன் சிரிக்கவில்லை.

“முதல் பாடத்துக்கே அவளுக்கு நாலு பக்கம் எழுதினீங்க. எடை பார்த்துத் தபால்தலை ஒட்டினவன் நான். அதே பாடத்துக்கு எனக்கு ஒரு தலையசைப்பு. அதோட சரி.”

“அவ என்ன எழுதியிருந்தா, படிச்சியா?”

படித்திருந்தான். அவள் எழுதிய ஒவ்வொரு தாளையும் படித்திருந்தான்.

“மலையில் புகை தெரிகிறது, அங்கே தீ உண்டா? இதுதான் கேள்வி. ‘எங்கள் மலையில் தினமும் காலையில் புகை. கிட்டே போனால் பனி. தீ இல்லை. பாடம் தவறு’ன்னு எழுதியிருந்தா. பாடம் தவறாம்.”

“ஆமாம். அதான் நாலு பக்கம் ஆச்சு.”

“நான் சரியாச் சொன்னேன்.”

“சொன்னே.”

“பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட நான் தப்பாச் சொன்னதில்லை. உங்க புருவம் எப்போ ஏறும், எப்போ இறங்கும், அதுகூட எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன தெரியும்?”

திலகவதி எழுந்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“மலையில் புகை தெரியுது. தீ இருக்கா?”

முதல் நாள் கேட்ட அதே கேள்வி.

“இருக்கு.”

முதுகு அசையவில்லை. நரைத்த கொண்டை. கழுத்தில் ஒரு மரு. பதினோரு வருஷத்தில் அந்த மருவை அவன் பார்த்ததில்லை.

“அதாவது, புகையா இருந்தா இருக்கு.”

கொண்டையும் திரும்பவில்லை.

“பனியா இருந்தா, இல்லைன்னும் சொல்லலாம்.”

சுவரில் ஒரு பல்லி நகர்ந்தது.

“தணிகாசலம்.”

“அம்மா.”

“எங்கே போறே?”

அப்போதுதான் பார்த்தான். அவன் கால்கள் நாற்காலியைச் சுற்றி, அவர் முகம் தெரிகிற பக்கமாகப் பாதி தூரம் வந்திருந்தன.

அங்கேயே நின்றான்.

பிறகு உறையின் வாயை நாக்கில் நனைத்தான். நாக்கு உலர்ந்திருந்தது. ஒட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.