ஆட்டிடம் படித்த குடைக்காரன்

முன்னொரு காலத்தில் நாவற்காடு என்ற நாட்டை நெடுங்கோமான் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் யாரையும் நம்பமாட்டான். அவன் சாப்பிடும் சோற்றை முதலில் ஒருவன் தின்று பார்க்க வேண்டும். அவன் உண்மையிலேயே விழுங்குகிறானா என்று பார்க்க இன்னொருவன். இந்த இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களா என்று கவனிக்க மூன்றாவது ஆள். எல்லாம் முடிந்து வரும்போது சோறு ஆறிப்போயிருக்கும். ஏன் ஆறியது என்று அரசனுக்கு அதிலும் ஒரு சந்தேகம் வரும்.

ஒருநாள் படைப்பயிற்சி ஆசான் வீரகேசரி மீசையை முறுக்கிக்கொண்டு சபைக்கு வந்தான். அந்த நாட்டில் யார் ஆயுதம் பழகினாலும் அவனுடைய கூடத்தில்தான் பழக வேண்டும்.

"அரசே, தங்கள் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு துரோகி நிற்கிறான்!"

அரசன் திடுக்கிட்டுத் திரும்பினான். பின்னால் குடைக்காரன் மாடக்கண்ணு வெண்கொற்றக் குடையோடு நின்றான். பத்து வருடமாக அங்கேதான் நிற்கிறான்.

"இவன் கொல்லையில் ஒரு வைக்கோல் பொம்மை இருக்கிறது. அதன் தலையில் தாங்கள் கழித்துப்போட்ட தலைப்பாகை! அதைப் பார்த்துத் தினமும் வளரி எறிகிறான். அரசரின் உருவத்துக்குக் கேடு செய்தவனை யானைக் காலில் இட வேண்டும் என்பது சட்டம்!"

வளரி என்பது பிறை போல வளைந்த எறிகட்டை. கழுத்தில் பட்டால் ஆள் எழமாட்டான்.

"பொம்மை வைத்திருக்கிறாயா?" என்றான் அரசன்.

"இருக்கு மகாராசா."

"வளரி எறிகிறாயா?"

"எறியறேன் மகாராசா."

"யானையைக் கொண்டுவாருங்கள்!"

அமைச்சர் அறவாழி மெல்ல எழுந்தார். "யானை குளித்துக்கொண்டிருக்கிறது, அரசே. அது வருவதற்குள் பொம்மையைப் பார்த்துவிடுவோமே."

காவலர்கள் கொல்லையில் பறிமுதல் செய்த எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். பொம்மை, நுனியில் அம்மிக் குழவி கட்டிய மூங்கில், நீளக் கயிற்றில் ஒரு பானை. கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆடு.

"இந்த ஆடு எதற்கு?"

"இதுகிட்டதான் வளரி படிச்சேன், மகாராசா."

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. ஆட்டை உற்றுப் பார்த்தான்.

அமைச்சர் பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒரு கீறல்கூட இல்லையே!"

"குறி தெரியாதவன், அதனால் படவில்லை" என்றான் வீரகேசரி.

"குறி தெரியாதவனைப் பார்த்தா இவ்வளவு பயந்தீர்கள்?"

"நேற்றுப் புதிதாகச் செய்திருப்பான்!"

அமைச்சர் பொம்மையின் கைக்குள் விரலை விட்டு ஒரு குருவிக்கூட்டை அலுங்காமல் எடுத்தார். உள்ளே மூன்று முட்டைகள். "நேற்றைய பொம்மையில் இதற்குள் குருவி குடும்பம் நடத்துகிறதா? மாடக்கண்ணு, பொம்மையை அடிக்காமல் வேறு எதைத்தான் அடித்தாய்?"

"பொம்மைக்குப் பின்னால தொங்குற பானையைங்க. போன திருவிழாவுல மகாராசா ஊர்வலம் போனாங்க. பின்னாலேருந்து ஒருத்தன் அரிவாளோட ஓடிவந்தான். மெய்க்காவலர் எல்லாரும் முன்னால பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் மட்டும்தான் பார்த்தேன். என் கையில குடை. வெறுமனே நின்னேன்."

"யார் அவன்?" என்று அரசன் பாதி எழுந்தான்.

"இளநீர்க்காரன், மகாராசா. உங்களுக்கு இளநீர் சீவிக் கொடுக்க வந்தான். அன்னைக்கு இளநீர். நாளைக்கு என்னவோ? ஆசான் கூடத்துல கேட்டேன். குடைக்காரனுக்கு எதுக்கு ஆயுதம்னு துரத்திட்டாங்க. அதான் நானே பழகினேன். குழவி கட்டின மூங்கில்தான் குடைன்னு இடது கையில பிடிச்சுக்குவேன். பொம்மைதான் நீங்க. பானைதான் எதிரி. கயித்தைக் கிளை மேல போட்டு ஆட்டோட கழுத்துல கட்டிட்டா, பானை எப்ப எந்தப் பக்கம் போகும்னு எனக்கும் தெரியாது, ஆட்டுக்கும் தெரியாது."

அரசன் கண்ணைச் சுருக்கினான். "பின்னால் வருபவனை அடிக்கத் தெரிந்தவனுக்கு என்னை அடிக்கவும் தெரியுமே?"

"குடைக்காம்பே போதும், அரசே" என்றார் அமைச்சர். "பத்து வருடமாக உங்கள் உச்சந்தலைக்கு மேல்தான் இருக்கிறது."

அரசன் மேலே பார்த்தான். சற்றே நகர்ந்து உட்கார்ந்தான்.

"சந்தேகம் தீர இருவரும் எறிந்து காட்டட்டும். முதலில் ஆசான்" என்றார் அமைச்சர்.

முற்றத்து வேப்பமரத்தடியில் பொம்மையை நட்டார்கள். பின்னால் கிளையிலிருந்து நீர் நிறைத்த பானை தொங்கியது, கயிற்றின் மறுமுனை ஆட்டின் கழுத்தில். வீரகேசரி வளரியைச் சுழற்றினான். அவன் கூடத்தில் வேலையாட்கள் "ஒன்று, இரண்டு" என்று சொல்லிப் பானையை ஆட்டுவார்கள். இரண்டில் எறிந்தால் உடையும். இங்கே அவனே மனதுக்குள் எண்ணினான். ஒன்று... அதற்குள் ஆடு ஒரு வேப்பங்கொத்தைக் கண்டு எட்டிப் பாய்ந்தது. பானை எகிறியது. வளரி பறந்தது. வைக்கோல் அரசனின் தலை தலைப்பாகையோடு உருண்டு உண்மை அரசனின் காலடியில் வந்து நின்றது.



"யானை குளித்துவிட்டதா?" என்று மெதுவாகக் கேட்டார் அமைச்சர்.

வீரகேசரி தரையில் விழுந்தான். "அரசே, ஆடு சதி செய்துவிட்டது!"

"உங்கள் கூடத்தில் பானை ஆட்டுகிறவர்கள் உங்களுக்குப் பயந்தவர்கள், ஆசானே. ஆட்டுக்கு உங்கள் மீசையைப் பற்றி ஒன்றும் தெரியாது."

தலையை மறுபடி பொருத்தினார்கள். மாடக்கண்ணு இடது கையில் குடையைப் பிடித்தான், பொம்மையின் மேல் நிழல் விலகாமல். ஆடு போக்குக் காட்டியது. அவன் எண்ணவில்லை, காத்திருந்தான். வலது கை ஒருமுறை அசைந்தது. பானை சிதறியது. தலைப்பாகை நனைந்தது. ஒரு வைக்கோல்கூடக் கலையவில்லை.

அரசன் நனைந்த தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தான். "இனி நீ என் மெய்க்காவலன், மாடக்கண்ணு. குடையும் உன்னிடமே இருக்கட்டும். ஆட்டுக்கு அரண்மனைத் தொழுவத்தில் இடம் கொடுங்கள். ஆசானுக்கு யானை வேண்டாம், மன்னித்தேன்."

வீரகேசரி நிம்மதியாக எழுந்தான். அப்போது அரசனின் கண் மறுபடி சுருங்கியது.

"இவ்வளவு உதவியான ஆட்டுக்குப் பகைவர்கள் இருப்பார்களே. தழையில் யாராவது விஷம் வைத்தால்? முதலில் ஒருவர் தின்று பார்க்க வேண்டும்."

சபை முழுவதும் வீரகேசரியின் பக்கம் திரும்பியது.

அகத்திக்கீரை என்றால்கூடப் பரவாயில்லை. அந்த ஆட்டுக்குப் பிடித்தது வேப்பந்தழை.