பித்தளை வாத்தியாரும் மூன்று கூடைகளும்

நீலமங்கலத்து ராஜா விசயகீர்த்திக்கு ஒரு வியாதி. புதுச் சாமான் எதைக் கண்டாலும் வாங்கிவிடுவார். அப்படித்தான் ஒரு கப்பல் வியாபாரியிடம் பித்தளைப் பொம்மைகளை வாங்கினார். முதுகில் சாவி கொடுத்தால் வாயைத் திறந்து பாடம் சொல்லும்; சாவி தீர்ந்தால் நின்றுவிடும். பள்ளிக்கு ஒன்றாக அனுப்பிவைத்தார்.

யோசனை அமைச்சர் திருமேனிநாதருடையது. அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "பொம்மை என்று எவனும் சொல்லக்கூடாது. பித்தளை வாத்தியார். 'அவர்' என்று மரியாதையாகத்தான் பேச வேண்டும்" என்று உத்தரவே போட்டார்.

சில மாதம் போனது. பள்ளிப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று அமைச்சர் ஓலைகளில் எழுதி வாங்கிவந்தார். சபையில் மூன்று கூடை தயாராக இருந்தது. பயன், மகிழ்ச்சி, ஒழுக்கம் என்று முன்கூட்டியே பெயர் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஓலைகளை அவற்றில் அள்ளிப் போட்டார்.

"மூன்றும் நிரம்பிவிட்டன, அரசே. இனி மனித வாத்தியார்கள் எதற்கு? வீட்டுக்கு அனுப்பிவிடலாம்."

சபையில் விகடம் பேசும் ஆவுடையம்மாள் எழுந்தாள். அவள் புருஷன் பள்ளி வாத்தியார். வேலை போனால் மனிதர் நாள் முழுக்க வீட்டிலிருந்து அவளுக்கல்லவா பாடம் எடுப்பார்.

"கூடைக்குப் பெயர் வைத்துவிட்டு ஓலையைத் திணித்தால் எதுவும் அடங்கும் ஐயா" என்றாள். "ஓலையைப் படித்துவிட்டுப் பெயர் வையுங்கள்."

"நீயே வையேன், பார்ப்போம்" என்றார் அமைச்சர்.

ராஜா குறுக்கிட்டார். "இதே ஓலைகள். ஓர் எழுத்துக்கூடக் கூட்டாதே, குறைக்காதே. பொருத்தமான பெயர் வராவிட்டால் வாத்தியார்களோடு நீயும் கிளம்பு."

"சரி. நான் படிக்கிறேன். எல்லாம் கேட்டபின் மனசில் பட்டதைத் தாங்களே சொல்லுங்கள்."

கூடைகளைக் கவிழ்த்து ஓலைகளைக் கலந்தாள். ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்."

ராஜா தலையாட்டினார்.

"குறுக்கே கேள்வி கேட்டால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார்."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்னாலிருந்து யாராவது முடுக்கினால்தான் வேலை செய்வார். பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் பளபளவென்று இருப்பார். அவர் வாயைத் திறந்தால் எங்களுக்கு நல்ல தூக்கம் வரும்."

சபையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"தலையைத் தட்டிப் பார்த்தோம். உள்ளே காலி."

"போதும், போதும்" என்றார் ராஜா. "இதற்கு ஒரே பெயர்தான். திருமேனிநாதர்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கிரீடம் நழுவி மடியில் விழும்வரை சிரித்தார்.

"அரசே, அது பொம்மையைப் பற்றி..." என்று அமைச்சர் இழுத்தார்.

"பொம்மை என்று சொல்லக்கூடாது என்றவர் நீர்தானே?"

வாத்தியார்கள் வேலை தப்பியது. என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டார்.

"ஒரு மாதம் அமைச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். அவர் ஆசனத்தில் ஒரு பித்தளை வாத்தியார் உட்காரட்டும்" என்றாள் ஆவுடையம்மாள்.

அப்படியே நடந்தது. அந்த மாதம் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். ஒரு பகல் முழுக்க அமைச்சர் ஆசனத்தில் இருந்தவரோடு ஆலோசனை நடத்தினார். விடைபெறும்போது ராஜாவின் காதருகே குனிந்து சொன்னார்:

"உங்கள் அமைச்சர் இப்போது எவ்வளவோ தேவலை. நடுநடுவே நிறுத்துகிறார்."