ஏசி குழாய்க்கு வைத்த பொட்டு

காங்கேயம் போகிற வழியில் ஒரு மரப்பட்டறை. தூசி பறக்கும் அந்தப் பட்டறையில் முதலாளி நாச்சிமுத்துவுக்கு மட்டும் கண்ணாடி ரூம், சுவரில் ஏசி. ஆயுத பூஜைக்கு ரம்பம் முதல் துடைப்பம் வரை எல்லாவற்றுக்கும் அவரேதான் பொட்டு வைப்பார். வேறு யாரையும் சந்தனக் கிண்ணத்தைத் தொட விடமாட்டார்.

இந்த வருஷம் பூஜை முடிந்த மறுநாளே ஏசி அவர் வழுக்கையில் சொட்ட ஆரம்பித்தது.

கதவுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த தொழிலாளி பாவாத்தாள் மேல் பாய்ந்தார். "உன்ற மரத்தூள்தான் அடைச்சிருக்குது! சொட்டு நிக்கிற வரைக்கும் பக்கெட்டைத் தூக்கிப் பிடிச்சுட்டு நில்லு. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"பிடிக்கறனுங்க. அடைச்சது வேற ஆளா இருந்தா?"

"ஆரு அடைச்சாங்களோ அவங்கதான் பிடிக்கோணும். அது நானா இருந்தாலுஞ் சரி!" என்று பட்டறையே கேட்க முழங்கினார்.

பாவாத்தாள் பக்கெட்டோடு அவரைச் சுவருக்கு வெளியே கூட்டிப்போனாள். கூட்டமும் பின்னால் போனது. ஏசி தண்ணீர் வடியும் குழாயின் வாய் நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு? அதைத் தோண்டியெடு புள்ள!"

"ஐயோ, சாமி குத்தமுங்க! தானா உதிர்ற வரைக்கும் பொட்டுல ஆரும் கை வெக்கப்படாதுன்னு நீங்கதானுங்க வருஷா வருஷம் சொல்றீங்க?"

பக்கெட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் உள்ள போங்க மொதலாளி, நாற்காலி நனையுது."